காந்தம் சுழன்றால் விசைக்கோடுகளும் சுழலுமா? இரண்டு சோதனை அமைப்புகள், ஓர் ஒப்பீடு

உருளைக் காந்தம் ஒன்றைத் தன் அச்சில் சுழற்றும்போது அதன் விசைக்கோடுகளும் உடன் சுழல்கின்றன என்றும், அவை காந்தத்தோடு பிணைந்த இழைகள் என்றும் வாதிடும் கருத்து இன்றும் பலரால் முன்வைக்கப்படுகிறது. காந்தம் சுழன்றாலும் கோடுகள் உடன் சுழல்வதில்லை என்னும் பாடநூல் கருத்துக்கு மாறானது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிடுவது முறையன்று. ஆனால் அதைச் சோதிக்க அமைக்கும் கருவி, அக்கருத்து பொய்யாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் திறனுடையதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மைக்கேல் ஃபாரடே 1831-32 காலத்தில் கையாண்ட மூடிய சுற்று. செப்புத் தட்டையும் காந்தத்தையும் ஒரே அச்சில் பொருத்தி, தட்டின் மையத்திலும் விளிம்பிலும் கார்பன் பிரஷ் (சுழலும் தட்டை உரசியபடி மின்தொடர்பு தரும் துண்டு) வைத்து மீட்டருடன் இணைக்கிறார்கள். தட்டு மட்டும் சுழன்றால் மின்னழுத்தம் கிடைக்கிறது. காந்தம் மட்டும் சுழன்றால் கிடைப்பதில்லை. இரண்டும் சேர்ந்து சுழன்றால் மீண்டும் கிடைக்கிறது. 2.5 செ.மீ. ஆரமுள்ள தட்டு, 0.3 டெஸ்லா புலத்தில், நிமிடத்திற்கு 3,000 சுற்று வேகத்தில் சுழன்றால் ஏறத்தாழ 29 மில்லிவோல்ட் வர வேண்டும். சாதாரண மல்டிமீட்டரே இதைக் காட்டிவிடும். பிரஷ் உரசிச் சூடேறுவதால் எழும் வெப்ப மின்னழுத்தமும் இதில் கலக்கும். சுழலும் திசையை மாற்றினால் தூண்டல் மின்னழுத்தத்தின் குறி மாறும், வெப்பத்தால் வந்தது மாறாது என்பதால், இரு திசைகளிலும் அளந்து வேறுபாட்டில் பாதியை எடுத்துக்கொண்டால் போதும்.

இவ்வளவு எளிதாக இருந்தும், இந்த அமைப்பு கேள்விக்கு விடை தருவதில்லை. மூன்றாவது நிலையில் கோடுகள் தட்டுடன் சேர்ந்தே சுழல்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், அசையாமல் நிற்கும் மீட்டர் கம்பியை அவை வெட்டும்; அதனால் அதே மின்னழுத்தம் தோன்றும். காந்தம் மட்டும் சுழலும்போது தட்டிலும் கம்பியிலும் எழுபவை ஒன்றையொன்று ரத்து செய்து, மீட்டர் சுழியைக் காட்டும். மீட்டரையே தட்டுடன் சேர்த்துச் சுழற்றினாலும் இரு கருத்துகளும் சுழியைத்தான் முன்கணிக்கின்றன. கோடுகள் காந்தத்தோடு சுழல்வதில்லை என்ற முடிவுக்கு ஃபாரடே 1851-இல் வந்தார். ஆயினும் சுற்று மூடியிருக்கும்வரை அம்முடிவை மறுப்பவருக்கு இடம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இரும்புத்தூள் தூவிப் பார்க்கும் முறையை ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டியதில்லை. தூள் நகர்ந்தால் காந்தத்தின் புலம் சமச்சீராக இல்லை என்பது மட்டுமே தெரியவரும்.

மற்றொன்று திறந்த சுற்று. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு உலோக உருளைகளாலான மின்தேக்கியை (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் சாதனம்), காந்தத்துக்குப் பதிலாக மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளின் புலத்தில் நிறுத்தி, உருளைகளை ஒரு கம்பியால் இணைத்து, சுருளை மட்டும் சுழற்ற வேண்டும். சுழற்சி நடக்கும்போதே அந்த இணைப்பைத் துண்டித்து, பிறகு உருளைகளில் எஞ்சும் மின்னூட்டத்தை அளக்க வேண்டும். கோடுகள் சுழல்வது உண்மையானால் அவை இணைப்புக் கம்பியை வெட்டி மின்னூட்டத்தைப் பிரித்திருக்கும். உருளைகளுக்கு இடையிலுள்ள காற்றில் கட்டற்ற மின்னூட்டம் இல்லாததால் முன்னர் கண்ட ரத்து இங்கே நிகழாது. இரு கருத்துகளும் வெவ்வேறு எண்களைச் சொல்வது இங்கேதான். 1912-இல் பார்னெட், 1917-இல் கென்னார்ட் ஆகிய இயற்பியலாளர்கள் இவ்வகைச் சோதனைகளை நடத்தினர். நிற்கும் மின்தேக்கியில், கோடுகள் சுழன்றால் தோன்றியிருக்க வேண்டிய மின்னூட்டம் தோன்றவில்லை.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம். 50 பிக்கோஃபாரட் மின்தேக்கியில் 29 மில்லிவோல்ட் என்றால் மின்னூட்டம் சுமார் 1.5 பிக்கோகூலும் மட்டுமே. 10 மெகாஓம் மல்டிமீட்டரை இணைத்தால் அரை மில்லிநொடிக் கால மாறிலியில் அது வடிந்துவிடும். எனவே மின்னூட்டத்தை வடியவிடாமல் அளக்கும் எலக்ட்ரோமீட்டர் தேவை. சுருளுக்குப் பதிலாக உலோகக் காந்தத்தைச் சுழற்றினால் அதற்குள்ளேயே மின்னூட்டம் பிரிந்து வெளியே மின்புலம் உண்டாகும்; அதைத் தடுக்கப் புவியிணைப்புள்ள உலோக உறை வேண்டும். இத்தனை தொல்லை இருந்தும் நான் இதையே பரிந்துரைப்பேன். மூடிய சுற்றை, வேகத்தையும் புலத்தையும் சரிபார்க்கும் முன்னோட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. முதலில் சுருளின் சுழற்சியை மட்டும் நிறுத்திவிட்டு மின்தேக்கியை இணைப்புக் கம்பியுடன் சேர்த்துச் சுழற்றி, கணக்கிட்ட மின்னூட்டத்தைக் கருவி காட்டுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அதைக் காட்டாத கருவி, சுருள் சுழலும்போது தரும் சுழியை எந்தத் தரப்புக்கும் சான்றாகக் கொள்ள முடியாது.