ராணுவ மருத்துவ உதவியாளர் சாக்ஸ்: மூன்று ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மைத்துனரும் என்னைப் போலவே ராணுவத்தில் மருத்துவ உதவியாளர். அடுத்த மாதம் பணி ஓய்வு. "உங்கள் மகள் வாங்கித் தந்தாளே, அந்த சாக்ஸ் எப்படி? அதையே அவருக்கும் வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

எந்த சாக்ஸ் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். கரும்பச்சை நிறம். கெண்டைக்காலில் 'ஓய்வு பெற்ற ராணுவ மருத்துவ உதவியாளர்' என்று ஆங்கில எழுத்துகள். விரல்களுக்கு மேலே வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு சிவப்புச் சிலுவை. மூன்று ஆண்டுகளில் சாயம் போகவில்லை, மேல்பட்டை தளரவில்லை, குதிகால் தேயவில்லை. குளிர்ந்த நீரில் உட்புறத்தைப் புரட்டித் துவைத்து நிழலில் உலர்த்துகிறேன், அவ்வளவுதான். உழைப்பைப் பொறுத்தவரை குறை சொன்னால் பாவம்.

குறை உள்ளே இருக்கிறது.

மகள் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்ததும் நான் செய்த முதல் காரியம், கையை உள்ளே விட்டு சாக்ஸைப் புரட்டியதுதான். "படம் வெளியே இருக்கிறது, அப்பா" என்றாள். 22 ஆண்டுகள் படைவீரர்களின் பாதங்களைப் பார்த்தவனுக்கு சாக்ஸின் உட்புறம்தான் முதலில் கண்ணில் படும். தையல் எங்கே உரசும், ஈரம் எங்கே தங்கும், கொப்புளம் எங்கே கிளம்பும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

அந்தச் சிலுவைக்குப் பின்னால் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கின. இரண்டு நிற நூல்களால் படம் பின்னும்போது, வெளியே சிவப்பு தெரியும் இடத்தில் வெள்ளை நூல் உள்ளே மறைந்து ஓடும். வெள்ளை தெரியும் இடத்தில் சிவப்பு ஓடும். அடுத்த கண்ணியில் பிடிபடும்வரை அது எதிலும் ஒட்டாமல் கிடக்கும். சுவரில் மாட்டும் துணி என்றால் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இதுவோ விரல்கள் நுழையும் இடம். காலை அவசரத்தில் சுண்டுவிரல் நகம் சரியாக அங்கே போய் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் வெளியே சிலுவை சுருங்கும். கவனிக்காமல் விட்டால் நாள் முழுதும் நூல் விரலை அறுக்கும். ஒருநாள் மாலை கழற்றியபோது சுண்டுவிரலின் அடியில் மோதிரம் போட்டதுபோல் சிவந்த தடம், விரல் வீங்கியிருந்தது. எனக்கு வலித்தது, கழற்றினேன். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு அந்த வலி தெரியாது. புண் ஆன பிறகுதான் பார்ப்பார். பணி ஓய்வு பெறும் வயதினருக்கென்று செய்யும் பொருளில் இதை யோசிக்க வேண்டாமா?

என் கோபம் அதிகம் என்று தோன்றலாம். சாக்ஸ் எங்கள் தொழிலில் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. முதல் உலகப் போரில், 1914-15 குளிர்காலத்தில், பிரிட்டிஷ் படையில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் ஈரப் பதுங்குகுழிகளில் நின்று நின்று பாதம் அழுகி சிகிச்சைக்கு வந்தார்கள். அதன் பிறகு வந்த ஒழுங்கு எளிமையானது: உலர்ந்த சாக்ஸ் மாற்ற வேண்டும், திமிங்கில எண்ணெய் தடவ வேண்டும், இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் பார்க்க வேண்டும். நாங்களும் நீண்ட அணிவகுப்பு முடிந்ததும் முதலில் சொல்வது "ஷூவைக் கழற்று" என்பதைத்தான். அந்தப் பணியைக் கௌரவிக்க வேறு எத்தனையோ பொருள் இருக்க, சாக்ஸைத் தேர்ந்தெடுத்தவர் உண்மையில் நல்ல இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். தொட்டவர் உள்ளே கையை விட்டும் பார்த்திருக்கலாம்.

சிலுவையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது அலங்காரம் கிடையாது. 1864 முதல் போர்க்களத்தில் காயம்பட்டவரையும் அவரைத் தூக்குபவரையும் காக்கும் அடையாளம் அது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி மருத்துவப் பணியாளர் அதை இடது கையில், ராணுவம் முத்திரையிட்டுத் தந்த பட்டையில் அணிய வேண்டும். வணிகப் பொருள்களில் போடுவதை அதே ஒப்பந்தம் தடை செய்கிறது. அந்தப் பட்டையை முதல்முறை கட்டிக்கொண்ட நாளில் என் கை நடுங்கியது. அதைக் காலில் போட்டு நடக்க இன்றுவரை மனம் கூசுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

போன ஆண்டு விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு நின்றேன். பின்னால் நின்ற முதியவர் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கெண்டைக்கால் எழுத்துகள் பேண்டுக்குள் மறைந்திருந்தன. அவர் பார்த்தது விரல்மேல் இருந்த சிலுவையை. "மருத்துவப் பிரிவா?" என்றார். ஆம் என்றேன். சோதனை முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து பேண்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். நீண்ட, பழைய தழும்பு. "இதைக் கட்டியவர் பெயர் தெரியாது. கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். அந்தக் குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது" என்றார். நாங்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான் அது. கட்டுக்குக் கீழே விரல் நகத்தை அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்போம். அவரிடம் அதைச் சொன்னேன். "ஆமாம், நகத்தை அழுத்தினார்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஷூ போட மறந்து வெறும் சாக்ஸோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். 22 ஆண்டுப் பணியில் எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

ஆக, நண்பருக்கு என் பதில்: உங்கள் மைத்துனருக்கு இதை வாங்காதீர்கள். விரல் பக்கம் தையல் தட்டுப்படாத, படம் எதுவும் இல்லாத நல்ல கம்பளிக் கலவை சாக்ஸ் நான்கு ஜோடி வாங்குங்கள். சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் உங்கள் கையாலேயே எழுதி உள்ளே வையுங்கள். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு.

நேற்று மகள் கேட்டாள், இதே சாக்ஸின் விலை குறைந்திருக்கிறதாம், இன்னொரு ஜோடி வாங்கட்டுமா என்று. வாங்கச் சொல்லிவிட்டேன். ஓர் அளவு பெரியதாக. உள்ளே மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொள்ள இடம் வேண்டும்.