நோயாளியின் வீட்டுக்கே வரும் ஆதரவுச் சிகிச்சை: ஓராண்டு அனுபவத்திலிருந்து ஒரு மதிப்புரை

'மக்களைத் தேடி மருத்துவம்' என்றதும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் மாத்திரைகள்தாம் பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டு, 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்ற இத்திட்டத்தில், அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி இருக்கிறது. குணப்படுத்த இயலாத நிலைக்கு நோய் முற்றிப் படுக்கையில் விழுந்துவிட்டவர்களின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்பும் நோய் ஆதரவுச் சிகிச்சை என்பது அது. என் தந்தையின் கடைசி மாதங்களும் அதன் பின் எங்கள் குடும்பம் கடந்து வந்த காலமும் இந்தச் சேவையால்தான் தாங்கக்கூடியவையாக இருந்தன என்பதால், இன்று அதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டு நன்றாக இருந்தவருக்கு, நோய் திரும்பவும் தலைகாட்டியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில், இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றார்கள். வலிக்கு என்ன கொடுப்பது, கன்னத்தில் திறந்துகொண்ட புண்ணை எப்படிக் கழுவுவது, மூக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட அவர்கள் கொடுத்த தாளில் இல்லை. வீட்டுக்கு வந்த முதல் இரவுகளில் அப்பா வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். படுத்தால் வலி கூடும். எங்கள் தெருவுக்கு இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அதைப் பார்த்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி அப்பாவின் பெயரைப் பதிவு செய்தார். நாங்கள் கேட்டுப் பெற்ற சேவை அன்று இது. அவராகவே சொல்லி வரவழைத்தது.

முதல் நாள் வந்த செவிலியர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்பாகவே அப்பாவின் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஐயா, வலியே இல்லைன்னா சும்மா இருங்க, தாங்கவே முடியலைன்னா பத்து விரலையும் காட்டுங்க" என்றார். பேச்சு குழறிப்போயிருந்த அப்பா எட்டு விரல்களைக் காட்டினார். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் கட்டைப் பிரித்தார். அந்தப் புண்ணின் நாற்றம் காரணமாக உறவினர்கள் வாசலோடு திரும்பத் தொடங்கியிருந்த நேரம் அது. செவிலியர் காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரைகளை நன்றாகப் பொடித்து அதன்மேல் தூவி, துணியை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்று அம்மாவின் கையாலேயே ஒருமுறை கட்டச் சொல்லிப் பார்த்தார். மிகச் சாதாரண விலையில் கிடைக்கும் மாத்திரைதான். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. பேரப்பிள்ளைகள் மறுபடியும் தாத்தாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். எனக்கு இந்தச் சேவையின் மதிப்பு அந்த இடத்தில்தான் விளங்கியது.

வலிக்கு, அபினியிலிருந்து எடுக்கப்படும் மருந்தான மார்ஃபின் தேவை என்று அவர் சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் தயக்கம் இருந்தது. அதை எழுதித் தரும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வலி தணிப்பு மருத்துவரைப் பார்க்க அவரே வழி சொல்லி அனுப்பினார். "ஏம்மா, அபின் மாதிரி இது பழக்கமாயிடாதா?" என்று அம்மா கேட்டதற்கு, "இது வலிக்கான மருந்தும்மா. டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நேரத்துல கொடுங்க, பயப்பட வேண்டாம்" என்று நிதானமாகப் பதில் சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல், மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும். அதோடு மலச்சிக்கலுக்கான மருந்தையும் தவறாமல் சேர்க்க வேண்டும். நள்ளிரவில் எழுப்பாமல் இருப்பதற்காக, படுக்கப் போகும் வேளையின் அளவை மருத்துவரே கூட்டி எழுதியிருந்தார். அடுத்தடுத்த வருகைகளில் அப்பா காட்டிய விரல்கள் குறைந்து இரண்டில் வந்து நின்றன. அவர் படுத்துத் தூங்கினார்.

சட்டப்படி அபினி பயிரிடும் மிகச் சில நாடுகளில் ஒன்றான இந்தியாவில், மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற வயல்கள் இருந்தும், கடுமையான உரிம விதிகளால் இந்த மருந்து நோயாளிகளுக்கு எட்டாமலே நெடுங்காலம் இருந்தது. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்யப்பட்ட திருத்தம்தான் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு ஒரே உரிமத்தில் இதை வைத்திருக்க வழி செய்தது. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் வீடுவரை சென்று சிகிச்சை தர முடியும் என்று காட்டியது. எங்கள் வீட்டுத் திண்ணையில் செவிலியர் தம் பையை வைத்ததற்குப் பின்னால் இத்தனை பேருடைய பல்லாண்டு உழைப்பு இருக்கிறது என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்தச் சேவையைப் பெறப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இது பகல் நேர வருகை. இரவு முழுவதும் நோயாளியோடு இருக்கப் போவது குடும்பம்தான். ஆகவே செவிலியர் வரும்போது அருகில் நின்று கற்றுக்கொள்வது மிக முக்கியம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, குழாயில் கஞ்சி கொடுக்கும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரமும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருப்பது, கொடுத்து முடித்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது என எல்லாவற்றையும் எங்கள் அம்மா ஒரு தேர்ந்த செவிலியரைப் போலவே செய்யப் பழகினார். புண்ணிலிருந்து திடீரென்று இரத்தம் பெருகக்கூடும் என்பதையும் செவிலியர் மறைக்கவில்லை. அம்மா இல்லாத நேரம் பார்த்து என்னையும் அண்ணனையும் அழைத்து, அடர்ந்த நிறத் துண்டுகளைக் கட்டிலுக்கடியில் எடுத்து வைக்கச் சொன்னார். வெள்ளைத் துணியில் இரத்தம் பரவுவதைப் பார்த்தால் நோயாளியும் வீட்டாரும் மிகவும் கலங்கிவிடுவார்களாம். மெரூன் நிறத் துண்டுகள் சிலவற்றை வாங்கி வைத்தோம். அவற்றுக்கு வேலை வரவில்லை. ஆனால் அவை அங்கே இருந்த தைரியத்தில்தான் அண்ணனும் நானும் மாறி மாறி இரவுகளைக் கழித்தோம்.

அப்பா மார்கழியில் ஒரு விடியற்காலையில் தம் கட்டிலிலேயே காலமானார். அம்மா பக்கத்தில் இருந்தார். வலியால் முகம் சுருங்காமல் போனார் என்பதை அம்மா இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காரியம் முடிந்த சில நாட்களில் செவிலியர் மீண்டும் வந்தார். எஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, மருத்துவமனையில் ஒப்படைத்துக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள் என்று நினைவூட்டினார். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிட்டீர்களா என்றும் கேட்டார். பிறகு அம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அது ஏகத்துக்கும் ஏறியிருந்தது. அப்பாவைக் கவனித்த அத்தனை மாதங்களில் அம்மாவின் உடம்பை யாரும் பார்த்திருக்கவில்லை. அன்றே அம்மாவின் பெயரும் தன்னார்வலரின் பட்டியலில் ஏறியது.

அதற்குப் பின் வீடு நிறைய மாறியது. திருப்பூரில் வேலையிலிருந்த அண்ணன் அதை விட்டுவிட்டு ஊரோடு வந்து நிலத்தைப் பார்க்கத் தொடங்கினார். அம்மா திருச்சியில் என்னோடு சில மாதங்கள் இருந்து பார்த்துவிட்டு, தம் வீட்டுக்கே போவதாகச் சொல்லிவிட்டார். அவரைத் தனியே அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும், மாதந்தோறும் மாத்திரையோடு வந்து அழுத்தத்தை அளந்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது என் சம்மதத்துக்கு முக்கியக் காரணம். படுக்கைப் புண் வராமலிருக்க நாங்கள் வாங்கிய காற்று மெத்தையைப் பக்கத்து ஊரில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அண்ணன் தாமே போய்ப் பொருத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

எங்களிடம் இந்தச் சேவைக்காக யாரும் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. நோய் ஆதரவுச் செவிலியர்களின் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னும் அடிக்கடி வர முடியும். அரசு அதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வீட்டில் யாருக்காவது முற்றிய புற்றுநோயோ, எழ முடியாத பக்கவாதமோ இருந்தால், கடைசிக் கட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோயின் பெயர் தெரிந்த உடனேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடமோ மருத்துவமனைத் தாள்களோடு சென்று நோய் ஆதரவுச் சிகிச்சை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வலிக்கான மருந்தை எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் தருகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.