மொழிக்கு நிதி கொடுக்கக் கருத்துக் கேட்ட கூட்டம்: தேத்தண்ணிக்கு முழுப் புள்ளி

போன கிழமை மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் நடந்த கருத்தறியும் கூட்டத்துக்குப் போய் வந்தேன். அழிந்துகொண்டிருக்கிற சிறு மொழிகளை எப்படிக் காப்பாற்றுவது, அதற்கான காசை எப்படிக் கொடுப்பது என்று பொதுமக்களிடம் கேட்கிறார்களாம். நடத்தியவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை, அடுத்த முறை வாசலிலேயே மறித்துவிடுவார்கள். கொத்துக் கடைக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறோம், அரைநாள் தின்ற இதற்கும் எழுதலாம்தானே.

தேத்தண்ணி அருமை, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். ரோல்ஸ் பரவாயில்லை. கூப்பிட வேண்டிய ஆட்களையும் சரியாகத்தான் கூப்பிட்டிருந்தார்கள்: அளிக்கம்பையிலிருந்து தெலுங்கு பேசுகிற வனக்குறவர், வாகரைப் பக்கத்து வேடர் (அவர்கள் வீட்டில் இப்போது தமிழ்தான்), பிறகு நம்ம பறங்கியர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழி வந்தவர்கள். நான் போனதே எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பறங்கி அங்கிளைக் கூட்டிக்கொண்டுதான். தச்சு வேலை செய்து ஓய்ந்தவர், வீட்டில் போர்த்துக்கேயம் பேசி வளர்ந்தவர், 2004 சுனாமிக்கு முதல் கடற்கரையோரம் டச்பாரில் இருந்தவர்.

உள்ளே போனதும் ஒரு படிவம் தந்தார்கள், தமிழில்தான், ஆனால் அது என்ன தமிழோ. முதல் வரி ‘பங்குதாரர் விபரம்’. அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்துவிட்டு, “மனே, நான் ஒரு கடையிலயும் பங்கு போடல்லயே” என்றார்.

அப்புறம் இரண்டு மணித்தியாலம் ஆங்கிலத்தில் ஸ்லைட். மொழிபெயர்த்தவர் பத்து வரிக்கு ஒரு வரி சொன்னார். அதில் ஒரே ஒரு ஸ்லைட்டுக்காக இரண்டு மணித்தியாலத்தையும் மன்னிக்கலாம்: நியூசிலாந்தில் 1982இல் மாவோரிகள் தொடங்கிய மொழிக்கூடுகள், பள்ளி வயது வராத சின்னப் பிள்ளைகளைக் கிழவன் கிழவிகளோடு விட்டு மாவோரி மொழியிலேயே வளர்ப்பது. அங்கிளுக்கு அது உடனே பிடிபட்டது. கையைத் தூக்கினார். “அப்ப எங்கட கிழவிமாருக்குச் சம்பளம் குடுப்பீங்களா?”

மேடையில் கொஞ்ச நேரம் குசுகுசு. பிறகு பதில் வந்தது: நிதி திட்டங்களுக்குத்தான், தனியாட்களுக்கு இல்லை, சங்கம் பதிந்திருக்க வேண்டும், மூன்று வருடக் கணக்கறிக்கை வேண்டும், விண்ணப்பம் ஆங்கிலத்தில், திட்டம் பன்னிரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். ஒரு மொழியைப் பன்னிரண்டு மாதத்தில் முடித்துக் கொடுக்க அது என்ன மதகு வேலையா? கனடாவில் 2019இல் கொண்டுவந்த பூர்வகுடி மொழிச் சட்டத்தில் போதுமான, நிலையான, நீண்டகால நிதி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறார்களா என்பது வேறு கதை, நீண்டகாலம் என்ற சொல்லாவது இருக்கிறது. இந்த ஊர்க் கோட்டை போர்த்துக்கேயர் கையில் இருந்தது 1628 தொடக்கம் 1638 வரை, வெறும் பத்து வருடம். அவர்கள் விட்டுப்போன மொழியை இங்கே இன்னும் பேசுகிறார்கள், எந்த நிதிக்கும் காத்திராமல்.

கடைசியில் குழுக் கலந்துரையாடல். எங்கள் மேசையில் இருந்த பெடியன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். மேசையைத் தட்டி “மேசா” என்றார், கதிரையைத் தட்டி “கடேரா”. நாம் நாளெல்லாம் சொல்கிற அலுமாரி, சாவி, சப்பாத்து, பாண் எல்லாம் அங்கே இருந்து வந்ததுதான். பிறகு படிவத்தைத் திருப்பிப் போட்டு, வெறும் பின்பக்கத்தில் தன்னுடைய தச்சு ஆயுதங்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுத ஆரம்பித்தார். இருபதுக்கு மேல் வந்தது. சிலதுக்குத் தமிழில் என்ன என்று எனக்கே தெரியவில்லை.

வாசலில் படிவம் வாங்கிய பிள்ளை முன்பக்கத்தைப் பார்த்தது. “அங்கிள், ஒன்றும் நிரப்பல்லயே, இது செல்லாது.”

ஐந்துக்கு இரண்டு. தாள் என்னிடம்தான் இருக்கிறது.