காது மெஷின் வாங்கப் போகிறீர்களா? 1,500 ரூபாய் ஒலிபெருக்கி, காதுக்குப் பின்னால் மாட்டுவது, காதுக்குள் ஒளிப்பது: எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பள்ளிபாளையத்தில் 32 வருடம் விசைத்தறி ஓட்டியவர் என் அப்பா. கடந்த ஐந்தாறு வருடமாக வீட்டில் அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "சத்தம் கேக்குது கண்ணு, என்ன சொல்றீங்கன்னுதான் வெளங்க மாட்டீங்குது." நாங்கள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. கத்திப் பேசினோம். கத்தினால் அவருக்குக் கோபம் வந்தது, எங்களுக்கும் வந்தது, கடைசியில் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார்.

அவர் சொன்னது எவ்வளவு துல்லியமான விவரம் என்பது ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கவில்லை என்று காட்டும் காதுப் பரிசோதனை) எடுத்த பிறகுதான் புரிந்தது. தடித்த, கனமான ஒலிகள் இருக்கும் 500 ஹெர்ட்ஸில் அவருக்கு 30 டெசிபல் இழப்பு, 1,000-ல் 40, 2,000-ல் 60, மெல்லிய கூர்மையான ஒலிகள் இருக்கும் 4,000-ல் 75. அதாவது ஆ, ஓ, ஊ எல்லாம் நன்றாகவே விழுகிறது. க, ச, த, ப போன்ற எழுத்துகள்தான் விழவில்லை. கடை, சடை, தடை, படை என்று நான்கு வார்த்தையை வாயை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தோம், நான்கும் அவருக்கு ஒன்றுதான். தறிச் சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படித்தான் போகும். உள்காதில் ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய செல்களான முடியணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000-தான், செத்தால் திரும்ப முளைக்காது, சத்தம் முதலில் கொல்வது கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் அணுக்களைத்தான்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், எந்த மெஷின் நல்லது என்ற கேள்விக்கு ஆடியோகிராம் இல்லாமல் பதிலே கிடையாது. எனக்கு அது தெரியாமல்தான் முதல் தவறு நடந்தது.

ஆன்லைன் ஒலிபெருக்கியும் உண்மையான காது மெஷினும்

முதலில் வாங்கியது ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் கிடைத்த ஒன்று. பார்க்கக் காது மெஷின் போலவே இருந்தது. அப்பா இரண்டு நாள் போட்டார், மூன்றாம் நாள் பீரோவில் வைத்துவிட்டார். குக்கர் விசில் அடித்தபோது கையால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம் இதுதான். அந்த மாதிரி ஒலிபெருக்கி எல்லா ஒலியையும் ஒரே அளவில் தூக்கும். அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும் ஒலியையும் தூக்கும், கேட்காததையும் தூக்கும். உள்காது அடிபட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் நமக்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே கேட்கும், சில நேரம் இன்னும் வலிக்கும். அவர்களுக்குத் தாங்கக்கூடிய இடைவெளி குறுகிவிடுகிறது. நல்ல டிஜிட்டல் மெஷின் செய்யும் முக்கியமான வேலையே மெல்லிய ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் குறைவாகவும் தூக்கி, எல்லாவற்றையும் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் அடக்குவதுதான். அதுவும் ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியாக, ஆடியோகிராமைப் பார்த்து.

சாதாரண டிஜிட்டல் மெஷினே ஒரு காதுக்கு 10,000, 15,000 என்று ஆகும்போது 1,500 ரூபாய் கண்ணை இழுக்கும், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்த இரண்டும் ஒரே பொருளின் மலிவு ரகமும் விலை ரகமும் இல்லை. அளவு எடுக்காமல் வாங்கிய கண்ணாடிக்கும் அளவெடுத்துப் போட்ட கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் அது. அதோடு பெரிய சத்தத்துக்கு எல்லை கட்டாத ஒலிபெருக்கி மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கலாம்.

அரசு வழியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இலவசமாகக் கிடைக்கிறது, மத்திய அரசின் திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் மெஷின்களும் முகாம்களில் தருகிறார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 டெசிபலாவது இழந்தவர்தான் செவித்திறன் குறைந்தவர் கணக்கில் வருவார். அப்பாவின் சராசரி 51. அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் இழப்பு அதற்கு மேல் இருந்தால் கடைக்குப் போவதற்கு முன்னால் அங்கே போங்கள். சிறு குழந்தைக்குக் கேட்கவில்லை என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள், உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கான அரசு உதவிகளுக்கு வயது வரம்பு இருக்கிறது, மொழி வளரும் வயதும் காத்திருக்காது.

காதுக்குள் ஒளிப்பதா, காதுக்குப் பின்னால் மாட்டுவதா

அப்பாவுக்கு வேண்டியது வெளியே தெரியாத மெஷின். "ஊர்ல நாலு பேரு செவிடன்னு சொல்லுவாங்க" என்றார். இந்த வெட்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அதனாலேயே பத்து வருடம் கேட்காமல் இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் காதுக்குழாய்க்குள் முழுதாக மறையும் ரகத்தை நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அது மிகச் சின்னது, பேட்டரியும் அரிசி மாதிரி. 68 வயது விரலுக்கு அதைக் கழற்றி மாட்டுவது தினமும் ஒரு போராட்டம். காதுக் குறும்பி நேராக அதன் வாயிலேயே போய் அடைக்கும். காதையும் அடைத்துவிடும், அதனால் தடித்த ஒலிகள் நன்றாகக் கேட்கும் அப்பா மாதிரி ஆளுக்குத் தன் குரலே பானைக்குள் பேசுவது போல் முழங்கும்.

சட்டைப் பையில் வைத்து ஒயரைக் காதில் மாட்டும் பழைய பாக்கெட் மெஷினைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். மிகக் கடுமையான இழப்பு உள்ளவருக்கும், விரல் நடுங்குகிறவருக்கும் அது இன்றைக்கும் உதவும். பெரிய பட்டன், கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி, விலையும் குறைவு. ஆனால் ஒயர் தொங்கும், சட்டை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓடும் தறிக்குப் பக்கத்தில் ஒயர் தொங்குவது ஆபத்து, எங்களுக்கு அது பேச்சுக்கே இடமில்லை.

மிச்சம் இருந்தது காதுக்குப் பின்னால் மாட்டும் ரகம், அதிலும் மூன்று வகை. மோல்டு (காதின் அளவெடுத்துச் செய்த அச்சு) போட்ட சாதாரண வகை உறுதியானது. மோல்டைக் கழற்றிக் கழுவலாம், 13-ஆம் நம்பர் பேட்டரி, ஆரஞ்சு ஸ்டிக்கர், ஒன்றிரண்டு வாரம் வரும். (ஸ்டிக்கரைப் பிரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றில் விடுங்கள், அப்போதுதான் முழு சக்தி வரும். பேரக்குழந்தை இருக்கும் வீட்டில் பழைய பேட்டரியைக்கூடக் கைக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள், விழுங்கினால் பெரிய ஆபத்து.) இழப்பு எல்லாச் சுருதியிலும் கடுமையாக இருந்தால் இதுதான் சரி. ஆனால் மோல்டும் காதை அடைக்கும்.

இரண்டாவது, குட்டி ஸ்பீக்கரே மெல்லிய ஒயரில் காதுக்குள் போகும் வகை. இன்றைக்குக் கடைகளில் முதலில் காட்டுவது இதைத்தான். திறந்த ரப்பர் குமிழ் என்பதால் தடித்த ஒலி இயற்கையாக உள்ளே வரும், மெஷின் கூர்மையான ஒலியை மட்டும் சேர்க்கும். அப்பாவின் ஆடியோகிராமுக்கு ஒலி விஷயத்தில் இதுதான் அருமை, போட்டுப் பார்த்த உடனே "இப்ப சடை வேற கடை வேற" என்றார். சிக்கல் வேறு இடத்தில். ஸ்பீக்கர் காதுக்குள் இருப்பதால் குறும்பியும் வியர்வையும் அதைத்தான் முதலில் தாக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அப்பா சாயங்காலம் பட்டறைப் பக்கம் போய் உட்காருவார், அங்கே காற்றில் பஞ்சு பறக்கும். ஸ்பீக்கர் போனால் மாற்ற ஒவ்வொரு முறையும் செலவு.

மூன்றாவது, பலரும் கேட்காமல் விட்டுவிடும் நடுவழி. ஸ்பீக்கர் உட்பட எல்லாம் காதுக்குப் பின்னாலேயே இருக்கும், ஒலி மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக அதே திறந்த குமிழுக்கு வரும். குழாய் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அடைத்தால் ஒரு கம்பியை விட்டு வீட்டிலேயே சுத்தம் செய்துவிடலாம். ஸ்பீக்கர் காதுக்குள் இருக்கும் வகை அளவுக்குக் கூர்மையாக இல்லை, கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் கீச்சென்று விசில் அடிக்கிறது. ஆனால் அப்பா அதைக் காலை முதல் இரவு வரை போட்டிருக்கிறார். எங்கள் தேர்வு அதுதான், இரண்டு காதுக்கும். ஒரு காதுக்கு மட்டும் போட்டால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது பிடிபடாது, கூட்டத்தில் பேச்சைப் பிரித்து எடுப்பதும் கஷ்டம்.

மெஷினைவிட முக்கியமானது அதை யார் சரிசெய்து தருகிறார் என்பது. ஒரு கடையில் விலை அதிகமான மாடலைக் காட்டிப் பத்து நிமிடத்தில் பணம் கட்டச் சொன்னார்கள், அப்புறம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இப்போது பார்க்கும் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தரும் நிபுணர்) முதல் நாள் வேண்டுமென்றே சத்தத்தைக் குறைத்து வைத்து அனுப்பினார், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, மெஷினிலிருந்து வரும் ஒலி அப்பாவின் காதுக்குள் எவ்வளவு விழுகிறது என்று அளந்தும் பார்த்தார். இத்தனை வருடம் கேட்காத ஒலி திடீரென்று வரும்போது மூளைக்குப் பழக்கம் வேண்டும், முதல் வாரம் ஃபேன் சத்தமே எரிச்சலாக இருக்கும். இந்தக் கட்டத்தில் கைவிட்டுவிடுகிறவர்கள்தான் மெஷினைப் பீரோவில் வைக்கிறவர்கள். நாலு தடவை வரச் சொல்லும் இடத்தில் சாதாரண மெஷின் வாங்குங்கள், ஒரு தடவையில் முடித்துவிடும் இடத்தில் விலையுயர்ந்ததை வாங்காதீர்கள்.

இயர்பட்ஸும் போனும்

2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ., ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்பட்ஸைக் காது மெஷினாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அனுமதி தந்தது. 18 வயது நிறைந்தவர்களுக்கு, லேசானதிலிருந்து நடுத்தர இழப்பு வரை மட்டும். லேசான இழப்பு உள்ள, ஏற்கெனவே ஐபோன் வைத்திருக்கும் 45 வயதுக்காரருக்கு இது நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன், வெட்கமும் இல்லை. அப்பாவுக்கு ஆகாது. 75 டெசிபலுக்கு அது பத்தாது, சார்ஜும் நாள் முழுக்க நிற்காது.

அதைவிட எங்களுக்கு உதவியது செலவில்லாத ஒன்று. ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற கூகுள் செயலி, 2019-ல் வந்தது, தமிழிலும் வேலை செய்கிறது. எதிரில் இருப்பவர் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும். எங்கள் கொங்குப் பேச்சைச் சில நேரம் தப்பாக எழுதும்தான், ஆனால் பேங்க் கவுண்டரிலும் டாக்டரிடமும் மெஷினோடு சேர்த்து இதையும் வைத்துக்கொண்டால் அப்பா தனியாகவே பேசிவிட்டு வருகிறார். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு மட்டும் இது பயன்படாது.

இன்னும் தறி ஓட்டுகிறவர்களுக்கு: பஞ்சா, நுரை அடைப்பா, இயர்மஃபா

இதை எழுத உட்கார்ந்ததே என் தம்பிக்காக. அவன் இன்னும் அதே ஊரில் தறி ஓட்டுகிறான். நாடா அடிக்கும் பழைய தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விடுகின்றன. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு 8 மணிக்கு 85 என்கிறது, மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும், அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான்.

எல்லோரும் செய்வது, கையில் கிடைக்கும் பஞ்சுக் கழிவைக் காதில் திணிப்பது. அது சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது, தடுத்தது போல் தோன்றுவதுதான் மோசம்.

நுரை அடைப்பு ஒரு ஜோடி சில ரூபாய்தான். பாக்கெட்டில் சத்தத்தைக் குறைக்கும் அளவு 29 டெசிபல் என்று போட்டிருந்தால் அது ஆய்வுக்கூடக் கணக்கு, அதில் 7-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 11, வேலையிடத்தில் அதைத்தான் நம்பலாம். 100 என்பது 89 ஆகும். போடும் விதம் தெரிய வேண்டும்: சுத்தமான கையால் மெல்லிசாக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரிகிற வரை பிடித்திருக்க வேண்டும். தறிக்காரர் கையில் எண்ணெய் இருக்கும், அதோடு நாலு தடவை கழற்றி மாட்ட முடியாது. இயர்மஃபை ஒரு நொடியில் மாட்டலாம், எண்ணெய்க் கையும் பிரச்சினை இல்லை, ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அரை மணிக்கு மேல் யாரும் போட மாட்டார்கள், கண்ணாடி போட்டவருக்கு விளிம்பில் இடைவெளி விழும். ஷிப்டில் பாதி நேரம் கழற்றி வைத்தால் எவ்வளவு உயர்ந்த பாதுகாப்பும் சராசரியில் 3 டெசிபலுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் தம்பிக்கு நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது: கயிறு கோத்த சிலிக்கான் அடைப்பு. உருட்ட வேண்டாம், சோப்பில் கழுவலாம், கழற்றினால் கழுத்தில் தொங்கும். காகித எண்ணில் நுரையைவிடக் குறைவு, ஆனால் ஷிப்ட் முழுக்கப் போட்டிருப்பான்.

"போட்டா தறி சத்தம் மாறுறது தெரியாதே" என்பதுதான் அவன் பயம். ஒரு வாரத்தில் பழகிவிட்டான், நூல் அறுந்தால் இப்போதும் தெரிகிறது என்கிறான். காது ஏற்கெனவே போனவர்களுக்கு இது கஷ்டம்தான், அவர்கள் குறைவாகத் தடுக்கும் ரகத்தை ஆடியாலஜிஸ்டிடம் கேட்டு வாங்க வேண்டும். காது மெஷினை ஆஃப் செய்து மாட்டிக்கொண்டு தறிக்குப் போகிறவர்களும் உண்டு, அது அடைப்பு ஆகாது.

தம்பிக்கு 38 வயது. போன மாதம் அவனுக்கும் ஆடியோகிராம் எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது, 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் கோடு 35 டெசிபலுக்கு இறங்கி 8,000-ல் மறுபடி மேலே ஏறியிருந்தது. மற்றவர் பேச்சைக் கேட்பதில் எந்தக் குறையும் அவன் உணரவில்லை. அப்பா அந்தத் தாளை வாங்கித் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், மறுநாள் காலையில் தம்பி கிளம்பும்போது கயிறு கழுத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து அனுப்பினார்.