மெருகு போடக் கொடுத்த வெப்ளி ரிவால்வரில் நம்பரைக் காணோம்

பழைய இங்கிலாந்து ரிவால்வர் வைத்திருப்பவர்கள், வாங்க அலைகிறவர்கள், அதிலும் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருந்துகொண்டு எல்லை தாண்டிப் போய்த் துப்பாக்கிக் கடையில் வேலை கொடுக்கிற நம் ஆட்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். கடைப் பெயரை எழுத மாட்டேன். ஸ்டேஷனிலும் நுகர்வோர் கோர்ட்டிலும் விவகாரம் இருக்கிறது, வாயைத் திறக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், பெயர் போடாமல் எழுதினால் குற்றமில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பொருள், வெப்ளி அண்ட் ஸ்காட் மார்க் 4, .32 ரிவால்வர். பர்மிங்ஹாமில் செய்தது. முழுக்க இரும்பு, கைப்பிடியின் இரண்டு பக்கத் தகடு மட்டும் கறுப்பு எபோனைட், அதாவது கெட்டியாக்கின ரப்பர். பக்கவாட்டுக் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலைக் கீழே ஒடித்தால் ஆறு காலித் தோட்டாவும் ஒன்றாக எழும்பி வெளியே விழும். நம் கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் இந்த வடிவத்தைப் பார்த்து வந்ததுதான், ஆனால் பழசுக்கு இருக்கிற மவுசு அதற்கு இல்லை. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கிற வெளிநாட்டுச் சரக்குதான் கைமாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் விற்கிறவர் வாயிலிருந்து வருவதுதான் விலை. இதே மாடல் .38லும் உண்டு, அதைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள், .38 நம் நாட்டில் தடை செய்யப்பட்ட போர் (bore, குழல் துளையின் அளவு), சாதாரண லைசென்ஸில் ஏறாது.

எனக்குக் கொப்பரை வியாபாரம், வசூல் பணத்தோடு ராத்திரியில் தோப்பு வழியாக வர வேண்டியிருக்கும், அப்பா காலத்திலிருந்தே வீட்டில் லைசென்ஸ் உண்டு. வாங்கியதெல்லாம் முறைப்படிதான். லைசென்ஸ் பெற்ற டீலர், பில், நம்பர் போட்டு லைசென்ஸ் புத்தகத்தில் பதிவு, எல்லாம் சரி. ஒரிஜினல் புளூயிங், அதாவது கம்பெனியில் இரும்புக்கு ஏற்றிய கறுப்பு மெருகு, என்று சொல்லி விற்றார். குழலின் கீழ்ப்பக்கம் பழைய உறையின் வியர்வை பட்டுப் புள்ளிப் புள்ளியாகத் துரு தின்ற இடம் இருந்தது, கேட்டதற்கு, “பழசுன்னா அப்படித்தாங்க இருக்கும், நம்மகிட்டயே குடுத்தீங்கன்னா புதுசு மாதிரி பண்ணித் தந்துடறேன் அண்ணா” என்றார். விற்பனையோடு விற்பனையாக அடுத்த வியாபாரத்தையும் அப்போதே விதைத்துவிட்டார் என்பது இப்போது புரிகிறது.

அவர் கொடுத்த எஸ்டிமேட்டில் மூன்று வேலை இருந்தது. சூடான புளூயிங், ஈட்டி மரத்தில் புதுக் கைப்பிடித் தகடு, ட்ரிக்கர் ஸ்மூத்திங், அதாவது விசையை லேசாக இழுபடும்படி ஆக்குவது. மூன்றாவதை நான் அவர் எதிரிலேயே பேனாவால் அடித்துவிட்டேன். ரிவால்வரின் ட்ரிக்கர் கனமாக இருப்பது குறையில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டு பைக்கில் போகிறவனுக்கு அதுதான் காவல். மற்ற இரண்டுக்கும் முன்பணம் கொடுத்து, பழைய எபோனைட் தகடுகளைத் தனியாகப் பொட்டலம் கட்டித் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதி வாங்கினேன். துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன் நாலா பக்கமும் படம் எடுத்து வைத்தேன், அதுதான் இன்றைக்கு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சூடான புளூயிங் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்க வைத்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாத இரும்பை அதில் போட்டு எடுப்பார்கள். மேல்தோல் கறுப்பு இரும்பு ஆக்ஸைடாக மாறும், பெயிண்ட் போல மேலே பூசுவதில்லை, அதனால் துணியால் துடைத்தால் போகாது. ஆனால் புளூயிங் எவ்வளவு அழகாக இருக்கும் என்பது அதற்கு முன் செய்கிற பாலிஷில்தான் இருக்கிறது. தெரிந்த ஆள் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, தட்டையான இடத்தைத் தட்டையாகவே வைத்து, எழுத்து இருக்கிற பக்கம் வந்தால் கையையே மாற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்து தேய்ப்பார். தெரியாதவர் மோட்டாரில் துணிச் சக்கரத்தை மாட்டிப் பிடித்துவிடுவார், ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

எனக்கு வந்தது இரண்டாவது. கடை டியூப் லைட்டில் பார்க்கும்போது ஜொலித்தது. வீட்டுக்கு வந்து திண்ணையில் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், குழலின் மேல் விளிம்பு நேர்கோடாக இல்லை, நக்கித் தின்ற மிட்டாய் மாதிரி உருண்டு போயிருக்கிறது. ஒவ்வொரு திருகைச் சுற்றியும் ஒரு குழி. வெப்ளி திருகுகளில் வெட்டு மிகவும் மெல்லியது, அதற்கென்று தீட்டிய ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், இவர்கள் ஃபேன் கழற்றுகிற டிரைவரைப் போட்டுத் தலையைப் பிய்த்து வைத்திருந்தார்கள். துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கிற பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ் கிரீடமும் எழுத்துமாக அழுத்துகிற சின்ன முத்திரை, அதில் கிரீடம் ஒரு பொட்டாக மிஞ்சியிருந்தது. வெள்ளை வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், துணியில் பழுப்பாக வந்துவிட்டது, கூடவே அழுகின வாடை. அது சூடான புளூயிங்கே இல்லை, பாட்டிலில் விற்கிற செலீனியம் கலந்த திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவியது. சின்னக் கீறலை மறைப்பதற்கு அது சரி, முழுத் துப்பாக்கிக்கும் அதைத் தடவிச் சூடான புளூயிங்குக்கான காசை வாங்குவது கொள்ளை. ஆடிக் காற்றும் சாரலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்க ஆரம்பித்ததும் விரல் பட்ட இடமெல்லாம் செம்மண் நிறத்தில் பூத்துவிட்டது.

ட்ரிக்கரையும் தொட்டிருந்தார்கள், நான் அடித்த வரிதான். காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ஹேமரை, தோட்டாவை அடிக்கிற சுத்தியலை, முழுக்க இழுத்து நிறுத்தி, ட்ரிக்கரில் கை வைக்காமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் லேசாக முன்பக்கம் தள்ளிப் பார்த்தேன், டக்கென்று விழுந்தது. நிறுத்தி வைக்கிற வெட்டை அரம் போட்டு வழித்துவிட்டிருக்கிறார்கள். தோட்டா இருந்திருந்தால் வீட்டில் யார் எதிரில் நின்றிருப்பார்கள் என்று நினைக்கக்கூடப் பிடிக்கவில்லை. இதைப் போய் ஸ்மூத்திங் என்று பில்லில் சேர்த்துக் காசும் வாங்கியிருக்கிறார் மனிதர்.

இவ்வளவும் பணத்தோடு போகிற நஷ்டம். பெரிய அடி வேறு. ரிவால்வர் ஃப்ரேமின் வலது பக்கம் அடித்திருந்த நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் மழுங்கி, ஒன்று அடியோடு இல்லை. அன்றைக்கே போன் போட்டேன். “லேசாத்தாங்க போயிருக்கு, லென்ஸ் வெச்சுப் பாத்தா தெரியும், வேணும்னா நானே பஞ்ச் போட்டுத் தந்துடறேன்” என்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாட்ஸாப்பில் படத்தோடு புகார் அனுப்பினேன். அவர் தானாகப் பஞ்ச் போட்டிருந்தால் அது அழித்ததைவிடப் பெரிய வினை, போலி நம்பர் என்று ஆகியிருக்கும்.

இழுத்துக்கொண்டிருக்கும்போதே 2024 மக்களவைத் தேர்தல் வந்துவிட்டது. லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ். கொண்டுபோனேன். ரைட்டர் லைசென்ஸ் புத்தகத்தை ஒரு கையிலும் ரிவால்வரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சேட்டா, நம்பர் எவிடே?” என்று கேட்டார். என்னைப் பல வருஷமாகத் தெரிந்தவர்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு அப்புறம் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 8ஐ ஒரு தடவை யாராவது வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கியில் இருக்கிற தயாரிப்பாளர் பெயர், நம்பர், அடையாள முத்திரை எதையும் அழிப்பதும் மாற்றுவதும் குற்றம், ஜெயில் உண்டு. அதைவிடப் பயங்கரம், நம்பர் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. சக்கரம் பிடித்தவன் எங்கோ டீ குடித்துக்கொண்டிருக்கிறான், பதில் சொல்ல வேண்டியவன் நான். கொடுப்பதற்கு முன் எடுத்த படங்களும், தேதியோடு இருந்த வாட்ஸாப் புகாரும், பேனாவால் அடித்த எஸ்டிமேட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று வக்கீலே சொல்லத் தயங்கினார்.

விசாரணையில்தான் தெரிந்தது, வேலை டீலர் கடையில் நடக்கவே இல்லை. புல்லட் பைக் சைலன்ஸருக்குக் குரோம் போடுகிற பட்டறை ஒன்றுக்குப் போயிருக்கிறது. டீலருக்கு லைசென்ஸ் இருக்கிறது, பட்டறைக்கு எங்கிருந்து வரும்? துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பதற்கும் பிரிவு 5ன் கீழ் லைசென்ஸ் வேண்டும். என் லைசென்ஸில் ஏறிய ஆயுதம் சைலன்ஸர் குவியலுக்கு நடுவில் எத்தனை நாள் கிடந்தது, யார் யார் கையில் எடுத்துப் பார்த்தார்கள், அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

போன இலக்கத்தையும் மீட்க வழி இருக்கிறது என்பது ஒரு ஆறுதல். இரும்பில் எழுத்தை அடிக்கும்போது மேலே தெரிகிற பள்ளத்துக்கும் கீழே உலோகம் இறுகிப் போயிருக்கும், மேற்பரப்பைத் தேய்த்துவிட்டாலும் தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி அந்த இறுகிய இடத்தைத் தனியாகத் தெரிய வைப்பார்கள். ரிவால்வர் இப்போது அதற்காகப் போயிருக்கிறது. ரிப்போர்ட் வந்த பிறகுதான் மேற்கொண்டு என்ன என்று தெரியும்.

கொடுத்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு, வேலை எந்தக் கட்டடத்தில், எந்த ஆள் கையால் நடக்கும் என்று கேட்டு அவர்கள் செய்த பழைய வேலை ஒன்றைப் பகலில் கையில் வாங்கிப் பாருங்கள், விளிம்பும் திருகுக் குழியும் உண்மையைச் சொல்லிவிடும். ரசீதில் வெறுமனே சர்வீஸ் என்று எழுத விடாதீர்கள், மாடல், போர், முழு நம்பர், என்ன வேலை, எழுத்துள்ள இடத்தில் சக்கரம் படக்கூடாது என்பது வரை வரவேண்டும். லைசென்ஸ் நகலே வேண்டாம் என்கிற கடையை விட்டு உடனே வெளியே வாருங்கள். குழலைக் குட்டையாக்கித் தருகிறேன் என்று ஒருவர் இந்தப் பக்கம் சொல்லித் திரிவதாகவும் கேள்வி, அது பிரிவு 6, தனியாக ஒரு கேஸ். உண்மையைச் சொன்னால், துரு நின்றுபோன பழைய வெப்ளியை எண்ணெய் தொட்டுத் துடைத்து அப்படியே வைத்திருப்பதுதான் விலைக்கும் நல்லது, சேகரிக்கிறவர்கள் தேய்ந்த ஒரிஜினல் புளூவுக்குக் கொடுக்கிற காசைப் பளபளப்புக்குக் கொடுப்பதில்லை.

ஈட்டி மரத் தகடு பற்றிச் சொல்லவில்லையே. அது ஈட்டியே இல்லை, ஏதோ வெளுத்த மரத்துக்குச் சாயம் ஏற்றியது, உள்ளங்கை வியர்வையில் சிவப்பாக ஒட்டுகிறது. பழைய எபோனைட் ஜோடி இன்றுவரை திரும்பி வரவில்லை, தொலைந்துவிட்டது என்கிறார், விற்றுவிட்டார் என்பது என் சந்தேகம். இடது பக்கத் தகட்டின் கீழ் மூலையில் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும், உள்பக்கம் அப்பா சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி இருக்கும், அவருக்கு இருந்த பழக்கத்தில் நான் வாங்கி வந்த அன்றே போட்டது. விற்பனைக்கு எங்கேயாவது கண்ணில் பட்டால் எனக்கு ஒரு தகவல் போடுங்கள்.