கோல்ட் நேவி: நகலோடு தொடங்கி அசலுக்கு வந்த கதை

முதலில் நகல்தான் வந்தது. 2015-ல், முந்நூறு டாலருக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கியது; கோல்ட் கம்பெனியின் 1851 நேவி ரிவால்வரைப் பார்த்து இத்தாலியில் செய்தது. அசல் 2018-ல் வந்தது. தொடர் எண்ணை வைத்துப் பார்த்தால் 1861-ல் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் தொழிற்சாலையில் செய்தது. அதன் விலையைச் சொல்லமாட்டேன், வீட்டில் இதைப் படிப்பார்கள்.

நான் இருப்பது ஒஹாயோவில், சின்சினாட்டிக்குப் பக்கத்தில். குழல்வாய் வழியாகக் கருமருந்து நிரப்பும் பழைய வகைத் துப்பாக்கிக்காரர்கள் வருஷந்தோறும் கூடுகிற இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊர் எனக்கு எட்டுகிற தூரம்தான். இந்தக் கிறுக்கு பிடித்ததற்கு அதுதான் காரணம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இந்த வகை ரிவால்வரில் இன்றைய தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். பின்பக்கம் நிப்பிள் என்ற சின்னக் குமிழின் மேல், அடித்தால் தீப்பொறி தரும் குட்டித் தொப்பி மாதிரி ஒரு கேப். ஆறு அறைக்கும் இதே வேலை. சுட்டு முடித்ததும் தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்கிற அதே வாடை.

நேவியைப் புரிந்துகொள்ள அதன் ஆப்பைப் புரிந்துகொண்டால் போதும். சிலிண்டருக்கு மேலே குறுக்குப் பட்டை இல்லாத உடல் இது. பின்னாலிருந்து நீளும் ஓர் அச்சு சிலிண்டருக்குள் நுழைந்து குழலின் அடிப்பகுதித் துளைக்குள் போகிறது. பக்கவாட்டில் அடிக்கும் ஒற்றை எஃகு ஆப்புதான் குழலை இழுத்துப் பிடிக்கிறது. அசலில் அச்சின் நுனி துளையின் அடிவரை போய் முட்டி நிற்கும். ஆப்பை எவ்வளவு தட்டினாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறாது. என் நகலில் அச்சு மயிரிழை குட்டை. முட்டுவதற்கு எதுவும் இல்லாததால், ஆப்பைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் குழல் சாய்ந்து சிலிண்டரே சுற்றாது; லேசாகத் தட்டினால் பத்தாவது குண்டுக்குள் ஆடத் தொடங்கும். மூன்று வருஷம் இதை என் கைப்பழக்கத்தின் கோளாறு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அசல் வீட்டுக்கு வந்த அன்றிரவு இரண்டையும் மேசையில் பிரித்துப்போட்டு அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. துளைக்குள் ஒரு சின்ன எஃகு வில்லையைத் தேய்த்துப் பொருத்தினேன். அன்றிலிருந்து நகல் வேறு துப்பாக்கி.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒன்றை வைத்து எல்லாவற்றையும் எடைபோட முடியாது. இந்த நகல் தொழில் 1950-களின் கடைசியில், வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்கத் துப்பாக்கி வியாபாரி இத்தாலியப் பட்டறைகளில் நேவியைச் செய்யச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. பிரெஷா மாவட்டத்தில், ட்ரோம்பியா பள்ளத்தாக்கில் இருக்கும் கார்தோனே துப்பாக்கி செய்வதில் நூற்றாண்டுகள் பழுத்த இடம். செய்யத் தெரியாமல் விட்டதில்லை. இந்த விலைக்குக் கையால் இழைத்துப் பொருத்த ஆள் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

அதற்காக அசலைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் மாட்டேன். அதன் உடல் இரும்பு, இன்றைய எஃகு அல்ல. வாங்கியதும் விவரம் தெரிந்த ஒரு துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் காட்டி, விரிசல் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் சுட்டேன். இன்றும் வருஷத்துக்கு இரண்டே முறை, குறைந்த மருந்தோடு. நகலைப் பற்றி அந்தப் பயமே இல்லை. மழையோ சேறோ, அதன் இடுப்புறையில் தொங்கிக்கொண்டு வரும். இரண்டாம் வருஷம் உள்ளே ஒரு மெல்லிய வில் (ஸ்பிரிங்) உடைந்தது. பதினைந்து டாலரில் புதிது வந்தது. அசலில் அதே வில் உடைந்தால் தேடுவதற்கே ஆறு மாசம்.

சுடுவதில் இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன. கேப்பை அடிக்கும் சுத்தியலான ஹேமரின் தலையில் வெட்டிய பிளவுதான் பின்குறி. முன்னால் ஒரு பித்தளை மணி. 25 கஜத்தில் இரண்டுமே ஒரு சாண் மேலே அடிக்கும். அந்தக் காலத்தில் இன்னும் தூரத்துக்குக் குறி வைத்துச் செய்தார்கள் என்பார்கள். 1865 ஜூலை 21 அன்று மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக், டேவிஸ் டட் என்பவரை ஏறக்குறைய 75 கஜத்தில் வீழ்த்தியதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதல். நகலில் முன் மணியைக் கழற்றி உயரமானதை வைத்துவிட்டேன். அசலில் அரத்தை வைக்க மனம் வருமா? இலக்கின் கரும்புள்ளிக்குக் கீழே குறி வைத்து அதன் நடுவில் அடிக்கப் பழகிக்கொண்டேன்.

கேப் தொல்லை நகலில்தான் அதிகம். சுட்டதும் கேப் கிழிந்து ஹேமர் போய்வரும் இடுக்குக்குள் விழுந்து இயக்கத்தை அடைத்துவிடும். சுடுவோர் துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்கி ஹேமரை இழுப்பது பகட்டுக்காக அல்ல, கிழிசல் வெளியே விழத்தான். நகலின் நிப்பிள்களை மாற்றி, அளவுக்குச் சரியான கேப் வாங்கிய பிறகு பாதி குறைந்தது. அசலின் நிப்பிளுக்கு இந்த மரை பொருந்தாது. நகல்களில் மெட்ரிக் மரை. ஏமாறாமல் இருக்கவும் இதே மரைதான் உதவும். நகலை அமிலத்தில் ஊறவைத்து, இத்தாலியச் சோதனை முத்திரைகளைத் தேய்த்துவிட்டு அசல் என்று விற்பவர்கள் உண்டு. முத்திரையைத் தேய்க்கலாம், மரையை என்ன செய்வார்கள்?

சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி இருக்கும்: 1843 மே 16, காம்பெச்சேக்கு அருகே டெக்சஸ் கடற்படையும் மெக்சிகோவும் மோதியது. செதுக்கியவர் ஆர்ம்ஸ்பி, வங்கி நோட்டுக்குத் தகடு செதுக்கியவர். அசலில் இப்போது மிஞ்சியவை இரண்டு பாய்மரமும் கொஞ்சம் அலையும். நகலில் எல்லாக் கப்பலும் பளிச்சென்று, ஆனால் கோடுகள் மேலோட்டம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு கறாரான வார்த்தை: பித்தளை உடலில் .44 குழல் அளவோடு வரும் ‘1851 நேவி’ பக்கம் போகாதீர்கள். அசல் நேவி .36 மட்டுமே. பித்தளை உடல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக்குத் தவித்த தெற்கத்தியர்களின் ஏற்பாடு. ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில்லில் செய்தவையும் .36 தான். பித்தளையில் பெரிய மருந்தை அடைத்துக்கொண்டே போனால் நாளடைவில் உடல் விரிந்து கொடுக்கும்.

துடைப்பது இரண்டுக்கும் ஒரே மாதிரி. அன்றைக்கே வெந்நீரும் சோப்பும், அழுகிய முட்டை நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு. பிறகு தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு. கடைப் பெட்ரோலிய எண்ணெய் கருமருந்துக் கசடோடு சேர்ந்து தார் மாதிரி ஆகிவிடும். ஒரு ஞாயிறு சோம்பலில் நகலை அப்படியே விட்டேன், செவ்வாய்க்கிழமை குழலுக்குள் செம்மண் நிறம்.

அசலில் உடல், குழல், சிலிண்டர், கைப்பிடி எல்லாவற்றிலும் ஒரே எண். ஆப்பில் மட்டும் வேறு எண். எவனோ எப்போதோ தொலைத்துவிட்டு இன்னொரு நேவியின் ஆப்பை அடித்திருக்கிறான். அது வந்து இதில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. நகலின் ஆப்பையும் ஒரு நாள் அசலில் போட்டுப் பார்த்தேன், பாதியிலேயே நின்றுவிட்டது.