சியாட்டிலில் ரைஸ், மினசோட்டாவில் மாஸ்

அமெரிக்கக் கால்பந்தில், பெரிய ரிசீவர் (வீசிய பந்தை ஓடிப் பிடிக்கும் ஆட்டக்காரர்) ஒருவர் கொஞ்ச நாள் வந்துபோனதை நினைத்து யார் அதிகம் பெருமூச்சு விடுவார்கள்? சியாட்டில் சீஹாக்ஸ் ரசிகர்களா, மினசோட்டா வைக்கிங்ஸ் ரசிகர்களா?

ஜெர்ரி ரைஸ் 2004 அக்டோபரில் ஓக்லாந்து அணியிலிருந்து சியாட்டில் வந்தபோது வயது 42. சியாட்டிலின் பழைய நட்சத்திர ரிசீவர் ஸ்டீவ் லார்ஜென்ட்டுக்கு மரியாதையாக ஒதுக்கிவைத்திருந்த 80-ஆம் எண் சட்டையை, அவர் சம்மதத்தோடு போட்டுக்கொண்டார். 11 ஆட்டம், 25 கேட்ச், 362 யார்டு, 3 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). அதில் 145 யார்டு டல்லாஸுக்கு எதிராக ஒரே ராத்திரியில் வந்தது. அந்த ஆட்டத்தையும் 43-39 என்று கோட்டைவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ராண்டி மாஸ் விஷயத்தில் வலி அதிகம். 1998-ல் வைக்கிங்ஸில்தான் அவர் ஆட வந்தார். 2010 அக்டோபரில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பைக் கொடுத்து நியூ இங்கிலாந்து அணியிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். வந்த முதல் ஆட்டத்திலேயே, ஜெட்ஸுக்கு எதிராக, அணியின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபேவ்ர் வீசிய 37 யார்டு பந்தைப் பிடித்து டச்டவுன் எடுத்தார். ஃபேவ்ருக்கு அது 500-ஆவது டச்டவுன் பாஸ்! ஆனால் மொத்தமே நான்கு ஆட்டம்தான். நியூ இங்கிலாந்திடம் தோற்ற கையோடு, நிருபர்கள் முன்னால் அந்த அணியையே புகழ்ந்து தள்ளினார். பயிற்சியாளர் பிராட் சில்ட்ரெஸ் கழற்றிவிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் சில்ட்ரெஸுக்கும் வேலை போனது.

ரைஸ் சியாட்டிலுக்கு விருந்தாளி. மாஸ் மினசோட்டாவுக்கு வீட்டுப் பிள்ளை. என் ஓட்டு வைக்கிங்ஸ் ரசிகர்களுக்கே. மாஸை அடுத்து எடுத்த டென்னசியில் 8 ஆட்டத்தில் 6 கேட்ச். அங்கே ஏங்குவதற்கு என்ன இருக்கிறது?